கடலில் இறங்கினால் சாகசம், சாக்கடையில் இறங்கினால் சாவு

திருச்சியைச் சுற்றிக் காட்டும் பயணக் காணொளிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. மலைக்கோட்டை, காவிரிப் பாலம், ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம், நடுவில் வண்ணம் பூசிய சுவர் ஒன்றின் முன்னால் ஒரு செல்ஃபி. அதே பயணியின் அடுத்த காணொளியில் புதுச்சேரியிலோ அந்தமானிலோ ஸ்கூபா டைவிங். கடலையும் ஓவியத்தையும் ரசிப்பதில் குற்றமில்லை. ஆனால் அந்தக் கடலுக்குப் பக்கத்தில் நம் தெருவின் பாதாளச் சாக்கடையை வைத்துப் பாருங்கள். இந்தச் சமூகம் யாருடைய மூச்சுக்கு என்ன விலை வைத்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

முதலில் கடல். பணம் கட்டியதும் ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். ஆஸ்துமா உண்டா, இதய நோய் உண்டா, காதில் கோளாறு உண்டா? ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் மருத்துவர் ஒப்புதல் இல்லாமல் இறக்கமாட்டார்கள். ஆழமில்லாத நீரில் பயிற்சி, கை சைகைகள், மீதிக் காற்றைக் காட்டும் மானி எல்லாம் உண்டு. பக்கத்தில் நீந்துபவருக்குக் காற்று தீர்ந்தால் கொடுக்க ஒவ்வொருவரிடமும் இன்னொரு வாய்க்குழாய் இருக்கும். தனியாக யாரும் இறங்கக்கூடாது என்பது பாலபாடம். முதல்முறை இறங்குபவருக்கு 12 மீட்டர்தான் எல்லை. இத்தனையும் அரைமணி நேரம் மீன் பார்ப்பதற்காக. சிலிண்டரில் இருப்பதும் அபூர்வமான பொருளல்ல. நீங்களும் நானும் சுவாசிக்கும் அதே காற்றுதான், அழுத்தி அடைத்தது.

இனி தரை. ஆள்நுழைவுக் குழியின் மூடியைத் திறந்தால் உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு இருக்கலாம். குறைந்த அளவில் அது அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும் நேரத்தில் ஆள் சாய்கிறார். தூக்கப்போன இன்னொருவரும் சாய்கிறார். செய்தித்தாளில் இருவர், மூவர் என்று சேர்ந்தே சாவதன் காரணம் இதுதான். கடலுக்குள் துணைக்கு ஆள் இருந்தால் உயிர் பிழைக்கலாம். கருவியே இல்லாத குழிக்குள் துணைக்குப் போவதும் சாவதற்குத்தான்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆவது பிரிவு, பாதுகாப்பில்லாமல் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது. முதல்முறை மீறினாலே 2 ஆண்டு வரை சிறை. விதிகளில் வாயு அளக்கும் கருவி, காற்றுக்குழாய், பாதுகாப்புக் கச்சை என நீண்ட பட்டியல் உண்டு. 2014இல் உச்ச நீதிமன்றம் அவசர நிலையில்கூடக் கருவியில்லாமல் இறக்குவது குற்றம் என்றது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று அன்று சொன்ன இழப்பீட்டை 2023இல் 30 லட்சமாக உயர்த்தியது. அத்தனைக்கும் பிறகும், 1993இலிருந்து எடுத்த அரசுக் கணக்கின்படி சாக்கடைச் சாவுகளில் முன்னணியில் நிற்பது சமூக நீதி மண் என்று நாம் மார்தட்டும் தமிழ்நாடுதான். பதிவானவை மட்டுமே 200க்கும் மேல்.

கருவி இருக்கிறது, காசும் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. பிறகு எது இல்லை? உள்ளே இறங்குபவர் செத்தால் பதறும் மனது இல்லை. இந்த வேலையில் இருப்பவர்களில் ஆகப்பெரும்பாலோர் தலித்துகள், தமிழ்நாட்டில் குறிப்பாக அருந்ததியர். இது தற்செயல் அல்ல. சாதி என்பது வேலைகளை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்யும் மனிதர்களையே மேல் கீழாக அடுக்கியது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இலேயே விளக்கிவிட்டார். அந்த அடுக்கின் அடியில் இருப்பவருக்கு வாயு மானி வாங்குவது 'வீண் செலவு'. மேலே இருப்பவர் மீன் பார்க்க வாங்கும் சிலிண்டர் 'அனுபவம்'.

"காசு தருகிறோம், அவர்களாகத்தானே இறங்குகிறார்கள்" என்பார்கள். அப்படியானால் அதே காசுக்கு வேறு சாதிக்காரர் ஏன் வரிசையில் நிற்பதில்லை? "இப்போதுதான் இயந்திரம் வந்துவிட்டதே" என்பார்கள். இயந்திரம் நுழையாத சந்தில், ஒப்பந்தக்காரர் அவசரப்படும் ராத்திரியில், வீட்டுக்காரர் காசு மிச்சம் பிடிக்கும் தொட்டியில் இறங்குவது யார்?

இப்போது சுவருக்கு வருவோம். 2016இல் நாட்டின் தூய்மை நகரங்கள் பட்டியலில் திருச்சிக்கு மூன்றாம் இடம். அந்த இடத்தைப் பெற்றுத் தந்தது துடைப்பம் பிடித்த கைகள். 'துப்புரவுப் பணியாளர்' என்ற பெயர் 2020இல் 'தூய்மைப் பணியாளர்' ஆனது. பெயருக்குப் புது வண்ணம் அடித்தாயிற்று, ஒப்பந்தக் கூலி முறை அப்படியே இருக்கிறது. நகரங்களின் சுவர்களுக்கு வண்ணம் அடிப்பதும் இதே வேலைதான். 2009இல் சென்னை மாநகராட்சி முக்கியச் சாலைகளில் சுவரொட்டிகளை அகற்றிப் பண்பாட்டு ஓவியங்கள் வரையத் தொடங்கியது. ஏழைகள் காசில்லாமல் அரசியல் பேசிய இடம் கோபுரத்துக்கும் பரதநாட்டியத்துக்கும் போனது. சென்னையின் குடிசைப் பகுதிகளிலிருந்து பிடுங்கி எறியப்பட்டவர்களைக் குவித்த கண்ணகி நகரில் இன்று பிரம்மாண்டமான சுவரோவியங்கள். பார்க்க அழகுதான். ஆனால் அந்த முகவரியைச் சொன்னால் வேலை கிடைப்பதில்லை என்ற இளைஞர்களின் புகாருக்கு எந்த வண்ணமும் பதில் சொல்லவில்லை.

நம் ஊர்ச் சுவர்களுக்கு வேறு வரலாறும் உண்டு. உத்தபுரத்தில் தலித்துகளை மறித்து நின்ற சுவரில் வழி உண்டாக்க 2008 வரை போராட வேண்டியிருந்தது. மேட்டுப்பாளையம் நடூரில் மக்கள் தீண்டாமைச் சுவர் என்றே அழைத்த சுவர் 2019 டிசம்பர் 2 அன்று இடிந்து 17 உயிர்களைக் கொன்றது. திருச்சி மேலப்புதூர் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவிலும் சுவர் எழுப்பினார்கள். இவற்றை எந்தச் சுற்றுலா வரைபடமும் காட்டாது.

ஸ்ரீரங்கத்தையே எடுத்துக்கொள்வோம். உறையூர்ப் பாணர் குலத்தவரான திருப்பாணாழ்வார் காவிரிக் கரையைத் தாண்டி வரமுடியாமல் நின்றார். வழிவிடவில்லை என்று லோகசாரங்கர் கல்லெறிந்தார். பிறகு பெருமாள் ஆணையால் அவரைத் தோளில் சுமந்து சென்றார் என்கிறது வைணவ மரபு. இதைச் சமத்துவத்துக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். அந்தக் கதையிலும் பாணரின் கால் கோயில் தரையில் படவில்லை என்பதைக் கவனித்தீர்களா? தோளில் சுமந்த காட்சியைச் சுவரில் வரைய ஆயிரம் பேர் வருவார்கள். கல்லெறிந்த கையை வரைய யார் வருவார்?

வண்ணமும் தூரிகையும் நமக்கு எதிரிகள் அல்ல. சுவரில் என்ன இருக்க வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதுதான் சண்டை. திருச்சி மாநகராட்சியே, அடுத்த முறை வண்ண வாளியைத் திறக்கும்போது இவற்றை எழுது: 7ஆவது பிரிவு என்ன சொல்கிறது, ஆளை இறக்கினால் என்ன தண்டனை, இயந்திரத்தை அழைக்க 14420. வார்டுதோறும் எத்தனை அடைப்பு வந்தது, எதை எந்த இயந்திரம் நீக்கியது, ஒப்பந்தக்காரர் யார் என்பதை மாதம்தோறும் எழுது. ஒரு சாவு நடந்தால் இழப்பீட்டோடு கோப்பை மூடாமல், இறக்கியவர் மீதும் அதிகாரி மீதும் 2013 சட்டத்திலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் வழக்குப் போடு.

தோழர்களே, உங்கள் தெருவில் மூடி திறந்திருந்து, பக்கத்தில் கயிறோடு ஒருவர் மட்டும் நின்றால் கடந்து போகாதீர்கள். நின்று படம் எடுங்கள், கேள்வி கேளுங்கள், வேலையை நிறுத்துங்கள். அன்றைய கூலியை ஒப்பந்தக்காரரிடமிருந்தே தொழிலாளிக்கு வாங்கிக் கொடுங்கள்.