தானாக வராது பேச்சு

"கேமராவை ஆன் பண்ணிட்டா பேச்சு தானா வந்துரும் சார். முன்னாடியே தயார் பண்ணிட்டுப் போனா செயற்கையா இருக்கும்." போன வாரம் செய்யாறு பக்கம் ஒரு தெருக்கூத்து வாத்தியாரைப் பேட்டி எடுக்கப் போன தம்பி காரில் சொன்னது இது. நான் ஒலிப்பதிவுக்காகக் கூடப் போயிருந்தேன்.

எழுபதைத் தாண்டிய பெரியவர் சலவை வேட்டி கட்டிக்கொண்டு காலையிலிருந்து திண்ணையில் காத்திருந்தார். முதல் கேள்வி: "உங்களைப் பத்திச் சொல்லுங்க ஐயா." எங்கே தொடங்குவது என்று தெரியாமல் விழித்தவர், 'பதினெட்டாம் போர்' ஆடியதைச் சொன்னார். தம்பி கேட்டார்: "அது எந்த வருஷம் நடந்த போர் ஐயா?" பெரியவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். துரியோதனன் தொடை பிளந்து சாகிற கூத்து அது. ஆயுள் முழுக்க அந்த வேஷம் கட்டியவரிடம் கேட்கிற கேள்வியா இது? இது இயல்பு இல்லை, அவமரியாதை.

தயாரிப்பு இயல்பைக் கெடுக்கும் என்பது சோம்பேறித்தனத்துக்கு வைத்த நல்ல பெயர். 1977இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சிப் பேட்டியாளர் டேவிட் ஃப்ராஸ்ட், வாட்டர்கேட் ஊழலால் பதவி விலகிய அமெரிக்க அதிபர் ரிச்சர்ட் நிக்சனைப் பேட்டி கண்டார். ஜேம்ஸ் ரெஸ்டன் ஜூனியர் உள்ளிட்ட குழு ஃப்ராஸ்டுக்காக வாட்டர்கேட் ஆவணங்களை மாதக்கணக்கில் கிளறியது. ஆலோசகர் கோல்சனோடு நிக்சன் பேசிய, அதுவரை வெளிவராத உரையாடலின் எழுத்துப்படி அப்படித்தான் சிக்கியது. அதை வைத்துக் கேட்டபோதுதான் நிக்சன் தடுமாறினார். 28 மணி நேரத்துக்கு மேல் பதிவு செய்து, மே மாதம் ஒளிபரப்பியது தலா 90 நிமிடமாக நான்கே பகுதி. 'தானா வரும்' என்று ஃப்ராஸ்ட் போய் உட்கார்ந்திருந்தால், நிக்சன் தன் பெருமையைப் பேசிவிட்டு எழுந்து போயிருப்பார்.

ஃப்ராஸ்டுக்கு ஆள்படை இருந்தது என்று சாக்குச் சொல்ல வேண்டாம். பெரியவருக்கு முதல் நாள் ஒரு போன். அவருடைய கூத்து ஒன்றை விடிய விடிய உட்கார்ந்து பார்ப்பது. ஆமாம், இல்லை என்று முடிந்துவிடாத பத்துக் கேள்விகள். காலர் மைக் துண்டில் உரசுகிறதா, பக்கத்து வீட்டு மோட்டார் எப்போது ஓடும் என்று பார்ப்பது. இவ்வளவும் செய்தவனால்தான் தாளை மடித்து வைத்துவிட்டு, எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்த்துக் கேட்க முடியும். ஃப்ராஸ்டின் துணிச்சலும் படித்துவிட்டு வந்தவனின் துணிச்சல்தான்.

இதே சோம்பேறித்தனம்தான் இழவு வீட்டு வாசலில் பெற்றவளிடம் மைக்கை நீட்டி, "இப்ப எப்படி ஃபீல் பண்றீங்க?" என்கிறது. கேள்வியில் வராததைத் தம்ப்நெய்லில் கொண்டுவர, சிரித்தவரைக் 'கதறி அழுதார்' என்று போடுகிறது. மூன்று மணி நேரம் உட்கார வைத்த பெரியவருக்கு ஒரு டீ வாங்கித் தரவும் மறக்கிறது.

கிளம்பும்போது அவர் என்னிடம் தனியாகச் சொன்னார்: "கிரீடம், புஜக்கட்டை எல்லாம் தொடைச்சுப் பெட்டியில வச்சிருந்தேன் தம்பி. யாரும் கேக்கல."

முதல் நாள் ஒரு போன் செய்திருந்தால் அந்தப் பெட்டி கேமரா முன்னால் திறந்திருக்கும்.