நாளை எண்ணுகிறோம், மீனை எண்ணுவதில்லை

"அதுதான் இரண்டு மாதம் தடை போட்டுவிட்டார்களே, இனிக் கடலுக்கு என்ன குறை?" என்றார் நண்பர். ஜூன் மாதம், மதுரை மீன் மார்க்கெட்டில். கடல் இல்லாத ஊரில் கடலைப் பற்றிப் பேசுவது சுலபம்.

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. 2001-இல் 45 நாளாக ஆரம்பித்தது, 2017-இல் 61 ஆயிற்று. நல்ல காரியந்தான். ஆனால் 62-ஆம் நாள்? எத்தனை டன் வேண்டுமானாலும் அள்ளலாம். ஐரோப்பாவின் வட கடலில் நாக்கு மீனுக்கு வருஷத்துக்கு இத்தனை டன் என்று வரம்பு உண்டு.

நம் எருமைநாக்கு அடிமணலோடு ஒட்டிக் கிடக்கும் மீன். 1801-இல் வைத்த சாஸ்திரப் பெயரிலேயே 'எருமை' இருக்கிறது. பெயர் நிலைத்துவிட்டது, மீன் நிலைக்க வேண்டாமா? தரையைத் துடைத்துவரும் இழுவை மடி, குஞ்சென்று பார்ப்பதில்லை. மடியின் கண் 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாதென்பது விதி. விதியின் கதியைக் கரையில் குவியும் கழிசல் மீன் சொல்லும். அது அரைபட்டுக் கோழித் தீவனமாகிறது.

ஒரே மடியில் பல ஜாதி மீன் விழும் கடலில் ஜாதிவாரியாகக் கணக்கு முடியாது என்பார்கள். சரி, படகுக்கு ஒரு கணக்கு வைக்கலாமே! மீனவர் வயிறு என்னாவது என்பார்கள். குஞ்சையும் அள்ளிவிட்டால் அடுத்த வருஷம் அந்த வயிற்றுக்கு யார் பதில் சொல்வது?

நண்பர் விரல் நீள நாக்கு மீனாக ஒரு கிலோ வாங்கினார். நானும் அரைக் கிலோ வாங்கினேன். அதையும் எழுதிவிடுவதே நியாயம்.