இரைச்சல் கேட்டால் இப்போது நான் ஓடுவதில்லை



சென்ற மாதம் தெல்லிப்பழைப் பக்கத்தில் ஒரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்புக் கணக்கை வாசித்துக்கொண்டிருந்தபோது மேலே விமான இரைச்சல் கேட்டது. பேச்சு அப்படியே நின்றுவிட்டது. ஒரு அம்மா மடியில் இருந்த பேரப்பிள்ளையின் தலையைக் கையால் மூடினார். இன்னொருவர் வாசலைப் பார்த்தார். நான் மட்டும் அண்ணாந்து பார்த்து, "இது சென்னைப் பிளேன் அக்கா. ரெண்டு விசிறி. சில்லை இறக்கிட்டான், இன்னும் கொஞ்ச நேரத்தில பலாலியில இறங்கிடும்" என்றேன்.

"மிஸ்ஸுக்கு உதெல்லாம் என்னெண்டு தெரியும்?" என்று கேட்டார்கள். அன்று வெட்கப்பட்டு மழுப்பிவிட்டேன். அந்தக் கேள்விக்கான பதிலை இந்த மாதம் இங்கே எழுதுகிறேன்.

சகோதரிகளே, நான் ஒரு விமான சேவையில் விமானியாக இருக்கிறேன். அங்கே சம்பளமும் இல்லை, பயணிகளும் இல்லை. எல்லாம் கணினிக்குள்தான்.

இது என்ன விளையாட்டு?

கணினியில் விமானம் ஓட்டிப் பழகும் மென்பொருளை 'பிளைட் சிமுலேற்றர்' என்பார்கள். மைக்ரோசொப்ட் நிறுவனம் தனது முதலாவது சிமுலேற்றரை 1982இல் வெளியிட்டது. இன்று எக்ஸ்-பிளேன், பிளைட்கியர் என வேறு பலவும் உண்டு. பிளைட்கியர் தன்னார்வலர்கள் சேர்ந்து ஆக்கியது. அதற்குப் பணம் கட்டத் தேவையில்லை. காற்று, மழை, எரிபொருள், கருவிகளின் முள் எல்லாம் இயன்றவரை உண்மையைப் போலவே இயங்கும். நான் செய்வதில் சுட்டு விழுத்துதல் இல்லை. ஓரிடத்தில் ஏறி இன்னோரிடத்தில் பத்திரமாக இறங்குவதுதான் முழு வேலையும்.

இப்படி வீட்டில் இருந்து ஓட்டுபவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் ஒன்றுசேர்ந்து நடத்துவதுதான் 'வேர்ச்சுவல் எயார்லைன்'. நேர அட்டவணை, தளம், விமானி இலக்கம், பதவிநிலை என்று ஒரு கம்பனியில் உள்ளதெல்லாம் அங்கே உண்டு. சிறிய விமானத்தில் தொடங்க வேண்டும். பறந்த மணித்தியாலங்கள் கூடக்கூடப் பதவி உயரும். ஒவ்வொரு பறப்பு முடிந்ததும் எங்கே ஏறினோம், எங்கே இறங்கினோம், எவ்வளவு எரிபொருள் போனது, எவ்வளவு மெதுவாகத் தரையைத் தொட்டோம் என்ற அறிக்கை போகவேண்டும்.

நான் சேர்ந்த கதை

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது எனது வெளிக்கள வேலை நின்றுபோனது. வெளிநாடு போன தம்பி விட்டுச் சென்ற பழைய மடிக்கணினி ஒன்று வீட்டில் கிடந்தது. அதில் பிளைட்கியரைப் போட்டு விளையாட்டாகத் தொடங்கினேன். அடுத்த வருடம், அந்த மென்பொருளை ஏற்கும் ஒரு வேர்ச்சுவல் எயார்லைனுக்கு விண்ணப்பித்தேன்.

விண்ணப்பத்தில் 'ஏன் சேர விரும்புகிறீர்கள்?' என்று ஒரு கேள்வி. "எனக்கு விமானத்துக்குப் பயம்" என்று எழுதினேன். பிறகு அதை அழித்துவிட்டு, "பொழுதுபோக்கு" என்று எழுதினேன்.

எங்கள் பயம் உங்களுக்குத் தெரியாததல்ல. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டபோது எனக்கு இரண்டு வயது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் ஏழு வயது. 'சகடை' வருகிறது என்று கத்தினால் புத்தகத்தைப் போட்டுவிட்டுப் பதுங்குகுழிக்குள் பாய்ந்த பிள்ளைகளில் நானும் ஒருத்தி. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோதும், இன்று உங்களோடு வேலை செய்யும்போதும், அந்த இரைச்சல் வந்தால் என் உடம்பு மனதைக் கேட்காமலே குறுகிவிடும்.

நுழைவுத் தேர்வில் அது வெளியே வந்தது. செஸ்னா 172 என்ற சிறு விமானத்தை ஏற்றி, ஒரு வட்டம் சுற்றி இறக்க வேண்டும். ஏறினேன், சுற்றினேன். இறங்கும்போது நிமிடத்துக்கு 700 அடிக்கு மேற்பட்ட வேகத்தில் தரையில் மோதினேன். தேர்வில் தவறிவிட்டேன். இரண்டாம் முறையும் அப்படியே.

என்னைத் தேர்வு செய்தவர் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். கடைசி ஐம்பது அடியில் என்ன செய்கிறாய் என்று எழுதிக் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். மூக்கை மெல்ல உயர்த்த வேண்டிய அந்தக் கணத்தில் நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். தரை எழும்பி வருவதும் இரைச்சலும் சேர்ந்தால், விமானத்துக்கு உள்ளே இருப்பதை மறந்து கீழே இருப்பவளாகிவிடுகிறேன்.

விண்ணப்பத்தில் அழித்ததை அவருக்கு அப்போது எழுதினேன். அவர் அனுதாபமாக நீட்டி எதுவும் எழுதவில்லை. சத்தத்தை முழுதாக நிறுத்திவிட்டுப் பத்து முறை இறக்கு. பிறகு கொஞ்சமாகக் கூட்டு என்று மட்டும் எழுதினார். அப்படியே செய்தேன். சத்தம் இல்லாமல், பிறகு மெல்லிய சத்தத்தில், பிறகு முழுச் சத்தத்தில். மூன்று கிழமை பிடித்தது. எந்தச் சத்தம் இயந்திரம், எது காற்று என்று பிரித்து அறியத் தொடங்கியபோதுதான் பிடி தளர்ந்தது. மூன்றாம் முறை 180 அடி வேகத்தில் இறக்கினேன். எனக்கு ஒரு விமானி இலக்கம் தந்தார்கள்.

'சேர்' அல்ல

2001இல் தொடங்கிய 'வட்சிம்' என்ற உலகளாவிய வலையமைப்பில் விமானக் கட்டுப்பாட்டாளர்களும் பொழுதுபோக்காளர்களே. அவர்களோடு ஆங்கிலத்தில் வானொலி முறையில் பேச வேண்டும். எனக்குப் பேசக் கூச்சம். முதலில் எழுத்தில் மட்டுமே பதில் அனுப்பினேன். கட்டுப்பாட்டாளர் என்னை 'சேர்' என்று அழைத்தார். நான் திருத்தவில்லை. பல மாதங்கள் சேராகவே பறந்தேன். ஒரு சனிக்கிழமை இரவு சென்னையில் இருந்து புறப்படும்போது ஒலிவாங்கியைப் போட்டுப் பேசினேன். மறுபக்கத்தில் ஒரு கணம் அமைதி. பிறகு 'மேடம்' என்றார். மற்றவர்களுக்குச் சொன்னது போலவே எனக்கும் ஓடுபாதை இலக்கத்தைச் சொன்னார். அவ்வளவுதான். நான் பயந்த எதுவும் நடக்கவில்லை.

இன்னொரு விதியும் எனக்குப் பிடித்தது. முப்பது நாளுக்கு ஒரு தடவையாவது பறக்காவிட்டால் பெயரை நீக்கிவிடுவார்கள். ஆனால் விடுப்பு எழுதினால் இடம் காத்திருக்கும். 2022இல் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த காலத்தில் நான் விடுப்பு எழுதினேன். திரும்பி வந்தபோது எனது மணித்தியாலங்கள் குறையாமல் இருந்தன. வராமல் விட்ட பெண்ணைக் கூட்டத்தில் வைத்துக் கேள்வி கேட்கும் நமது சங்கங்கள் இதைக் கொஞ்சம் சிந்திக்கலாம்.

ஒரு பயணி

பலாலி 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே சென்னையில் இருந்து ஏ.ரி.ஆர். 72 விமானம் வரத் தொடங்கியது. 2020இல் கொரோனாவால் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. அந்தப் பாதையை நானும் கணினியில் பறப்பேன். நேராக அளந்தால் ஏறத்தாழ 350 கிலோமீற்றர். ஒரு மணித்தியாலம் பிடிக்கும். நேரத்தை வேகப்படுத்துவதற்கு எங்கள் கம்பனியில் அனுமதி இல்லை.

அம்மாவுக்காக நான் எப்போதும் காதுக்கருவி போட்டுத்தான் பறப்பேன். முதல் நாள் அந்தச் சத்தம் கேட்டு, "நிப்பாட்டு!" என்று கத்தியவர் அவர். ஒரு நாள் இரவு தேநீரோடு வந்து பின்னால் நின்றார்.

"என்ன பிள்ளை, உது எங்க?"

"பலாலி அம்மா."

கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். திரையில் கடலைத் தாண்டிக் கரை தெரிந்தது.

"எங்கட வளவு எங்க கிடக்கு?"

எனது பழைய கணினியில் ஓடுபாதை மட்டும்தான் சரியாக இருக்கும். சுற்றிவர வெறும் பச்சை. வீடும் இல்லை, கிணறும் இல்லை. நான் அந்த வீட்டைப் பார்த்த நினைவே இல்லாதவள். எங்கள் துண்டு நிலம் இன்னும் விடுவிக்கப்படவும் இல்லை. அம்மா பச்சையில் விரலை வைத்து, "இதில கிணறு. இதில கறுத்தக்கொழும்பான். இதால ரோட்டுக்கு ஏறலாம்" என்றார். விமானம் ஓடுபாதைக்கு வந்துவிட்டது.

"இன்னொருக்காச் சுத்தி வா."

இறங்காமல் மேலே எழுப்பினேன். மூன்று தடவை சுற்றினோம். அறிக்கையில் தாமதத்துக்குக் காரணம் கேட்கும் இடத்தில், 'பயணி ஒருவரின் வேண்டுகோள்' என்று எழுதினேன். கம்பனி ஏற்றுக்கொண்டது.

சில வார்த்தைகள்

இதை ஒரு சிகிச்சை என்று நான் சொல்லமாட்டேன். இரைச்சல் கேட்டால் நடுங்குபவர்களும், இரவில் அலறி எழும்புபவர்களும் உளவளத்துணையாளரை நாடுங்கள். அதில் வெட்கம் இல்லை. என்னைப் போல் தனியாகச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

பிள்ளைகள் சேர விரும்பினால் தடுக்காதீர்கள். வட்சிமில் சேர 13 வயது ஆகியிருக்க வேண்டும். நல்ல வேர்ச்சுவல் எயார்லைன் சேர்வதற்குப் பணமோ, வங்கி விபரமோ, உங்கள் படமோ கேட்காது. இந்த மணித்தியாலங்கள் உண்மையான விமானி உரிமத்துக்குச் சேராது. 'இதை வைத்து வேலை எடுத்துத் தருகிறேன்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மற்றபடி, கிழமையில் ஒரு மணித்தியாலம் நமக்கென்று எடுப்பது குற்றமல்ல சகோதரிகளே. அது விமானமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. 'உனக்கு இந்த வயதில் உது என்னத்துக்கு?' என்று என்னையும் கேட்டார்கள். முதலில் பதில் தெரியவில்லை. இப்போது தெரியும். நம்மை ஓட ஓட விரட்டிய ஒன்று எப்படி இயங்குகிறது என்று அறிந்து வைத்திருப்பது நமக்கு நல்லது.

அடுத்த கூட்டத்துக்கு மடிக்கணினியைக் கொண்டுவருகிறேன். முதலில் சத்தம் இல்லாமல்தான் காட்டுவேன். பார்க்க விரும்பாதவர்கள் வெளியே மாமர நிழலில் இருக்கலாம். வளவைத் தேட விரும்புபவர்கள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வாருங்கள். எத்தனை தடவை வேண்டுமானாலும் சுற்றி வருவோம்.