நைட் டூட்டி 'பழகிடுச்சு' என்பது உண்மையா? மதுரை குகை வௌவால்கள் சொல்லும் பதில்

மதுரைக்குத் 'தூங்கா நகரம்' என்று பெயர். நள்ளிரவு தாண்டியும் மாட்டுத்தாவணியில் பஸ் கிளம்பும், இட்லிக் கடையில் ஆவி பறக்கும். விடியுமுன்னே சுற்றுவட்டாரக் கிராமங்களில் மல்லிகை மொட்டு பறிக்க ஆட்கள் இறங்கிவிடுவார்கள். நூற்பாலைகளில் 'ஃபுல் நைட்' ஷிஃப்ட் எப்போதும் உண்டு. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளும் நிறுவனங்களும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019 ஜூனில் தமிழக அரசு அனுமதித்தது. 2022இல் அது நீட்டிக்கப்பட்டது.

ராத்திரி வேலை கஷ்டமா என்று கேட்டால் பலரும் சொல்லும் பதில், "அதெல்லாம் பழகிடுச்சு". பெரும்பாலானவர்களின் உடம்பு அப்படிச் சொல்வதில்லை. வருஷக்கணக்கில் பார்த்தாலும் பழகாது.

ஏன் பழகுவதில்லை?

மூளையின் அடிப்பகுதியில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு கொத்து இருக்கிறது. அதுதான் உடலின் தலைமைக் கடிகாரம். எப்போது தூக்கம் வரணும், எப்போது உடல் சூடு ஏறணும், எந்த ஹார்மோன் எப்போது சுரக்கணும் என்பதற்கெல்லாம் நேரம் குறிப்பது அதுதான். தினமும் அதைச் சரிசெய்வது கண்ணில் படும் வெளிச்சம்.

ஆறு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வீடு திரும்புகிறவரின் முகத்தில் மதுரை வெயில் அடிக்கிறது. 'பகல் தொடங்கிவிட்டது' என்று கடிகாரம் எடுத்துக்கொள்கிறது. போதாததற்கு, முழித்திருக்க அதிகாலை நாலு மணிக்குக் குடித்த டீ எட்டு மணி வரை உடம்பில் வேலை செய்யும். படுத்தாலும் நாலைந்து மணி நேரத்தில் முழிப்பு வந்துவிடும். தகரக் கூரை வீடு என்றால் அதுவும் கிடையாது. லீவு நாளில் வீட்டாரோடு ராத்திரி தூங்கிவிட்டால், கொஞ்சநஞ்சம் நகர்ந்திருந்த கடிகாரமும் பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

மதுரையில் நடந்த ஆய்வு

இந்தக் கடிகாரத்தைப் பற்றிய முக்கியமான ஆய்வுகள் சில மதுரையிலேயே நடந்தவை என்பது ஊர்க்காரர்களுக்கே அதிகம் தெரியாது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே.சந்திரசேகரனும் அவரது குழுவினரும் 1970களில், அருகிலிருந்த குகை ஒன்றில் பூச்சி தின்னும் வௌவால்களை ஆராய்ந்தார்கள். வெளிச்சமே எட்டாத இருட்டில் கூண்டுக்குள் இருந்த வௌவால்கூட, கூட்டத்தோடு இருந்தவரை மற்றவை வெளியே பறக்கும் நேரத்தை ஒட்டியே முழித்தது. கூட்டமில்லாத குகையில் விட்டபோது அதன் கடிகாரம் தன்போக்கில் விலகியது. அதாவது, கூட இருப்பவர்களின் வரவும் போக்கும்கூட ஒரு கடிகாரம்தான்.

பின்னர் அதே பல்கலைக்கழகத்தில், ஜன்னலோ கைக்கடிகாரமோ இல்லாத தனி அறையில் தன்னார்வலர்களைத் தங்கவைத்தும் ஆராய்ந்தார்கள். வெளி உலகத் தொடர்பு அறுந்தால் மனிதரின் தூக்கம் ஒரு கணக்கிலும் உடல் வெப்பம் இன்னொரு கணக்கிலும் ஓடலாம் என்பது இத்தகைய ஆய்வுகளில் தெரியவந்தது.

மனிதருக்குச் சூரியனே பெரிய கடிகாரம் என்பதால் வௌவாலை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் நைட் டூட்டிக்காரரின் வீட்டை யோசித்தால் ஏதோ ஒன்று பிடிபடும். பிள்ளை ஸ்கூலுக்குக் கிளம்பும்போது அப்பா படுக்கிறார். அவர் எழும்போது வீடு அடங்கத் தொடங்குகிறது.

மனநிலைக்கு என்ன ஆகிறது?

முதலில் வருவது எரிச்சல். 'முன்கோபி ஆயிட்டார்' என்று வீட்டில் சொல்வார்கள். பிறகு எதிலும் பிடிப்பில்லாமை. தூக்கம் கெட்டால் மனச்சோர்வு வரும், மனச்சோர்வு வந்தால் தூக்கம் கெடும். எது முதலில் என்று பிரிப்பது சிரமம்.

இருதுருவ மனநோய் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். ஓரிரு இரவுத் தூக்கம் போனாலே மிகையெழுச்சி தூண்டப்படலாம். ரெண்டு மூணு மணி நேரமே தூங்கியும் களைப்பே தெரியாமல் ஒருவர் திடீரென்று துறுதுறுவென்று இருந்தால், அது சுறுசுறுப்பு அல்ல, எச்சரிக்கை.

இவர்கள் பகல் ஷிஃப்ட் கேட்டுப் பெற முடியுமா? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 மனநோயையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனால் பணிச்சூழலைத் தகுந்தபடி மாற்றித்தரும் கடமையை அதன் 20ஆம் பிரிவு அரசு நிறுவனங்களின் மீதே வைக்கிறது. மில்லிலும் சூப்பர் மார்க்கெட்டிலும் வேலை செய்பவர் சூப்பர்வைசரின் நல்ல மனசை நம்பித்தான் இருக்க வேண்டியிருக்கிறது.

செலவில்லாமல் நிறுவனங்கள் செய்யக்கூடியதும் உண்டு. மனிதக் கடிகாரம் சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமானது. அதனால் காலை, மாலை, இரவு என்று ஷிஃப்ட் முன்னோக்கி நகர்ந்தால் உடம்பு ஓரளவு தாங்கும். பின்னோக்கிச் சுற்றினால் தாங்காது. தொழிலாளி தரப்பில், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, ஷிஃப்டின் பின்பாதியில் டீயைத் தவிர்ப்பது, லீவு நாளிலும் தூக்க நேரத்தில் சில மணி நேரத்தையாவது மாற்றாமல் வைப்பது உதவும். மெடிக்கல் ஷாப்பில் தானாகத் தூக்க மாத்திரை வாங்கக் கூடாது.

ரெண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் மனசும் சரியில்லை என்றால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.