சந்துக்குள்ள நாலு பேர்

ஆம்பளைங்க நட்பைப் பத்தி உருப்படியா சொன்ன டிவி தொடர் எதுன்னு கேட்டா, நான் ஒரு கார்ட்டூனைத்தான் சொல்லுவேன். சிரிக்காதீங்க மக்களே. மைக் ஜட்ஜும் கிரெக் டேனியல்ஸும் உருவாக்கி, 1997-ல் ஃபாக்ஸ் சேனலில் ஆரம்பிச்சு 13 சீசன் ஓடிய 'கிங் ஆஃப் த ஹில்'.

டெக்சாஸில் ஆர்லென்னு ஒரு கற்பனை ஊர். வீடுகளுக்குப் பின்னால ஒரு சந்து. அங்க வேலியோரமா நாலு பேர் கையில் பீர் கேனோட நிப்பாங்க. ஒருத்தர் 'ம்' கொட்டுவார். அடுத்தவர் 'ம்' கொட்டுவார். அவ்ளோதான் சீன்!

ஹேங்க், புரோப்பேன் கேஸ் விக்கிறவர், ஒழுங்குன்னா அப்படி ஒரு ஒழுங்கு. டேல், பூச்சிமருந்து அடிக்கிறவர், அரசாங்கம் எதைச் செஞ்சாலும் சதின்னு நம்புறவர். பூம்ஹவர் பேசினா பார்க்கிற நமக்குப் பாதி புரியாது, ஆனா அந்த மூணு பேருக்கும் முழுசாப் புரியும். கடைசியா பில். பள்ளிக்கூடத்துல ஃபுட்பால் ஹீரோ. இப்போ தொப்பை, வழுக்கை, ராணுவத்துல முடிவெட்டுற வேலை. பொண்டாட்டி லெனோர் விட்டுட்டுப் போய்ப் பல வருஷம் ஆகியும் மனசு ஆறாதவர்.

இங்க சிம்ப்ஸன்ஸை ஒரு நிமிஷம் இழுக்கணும். அதே 1997-ல் 'ஹோமர்ஸ் ஃபோபியா'ன்னு ஒரு எபிசோட் வந்துச்சு, எம்மி விருதும் வாங்குச்சு. ஹோமருக்கு ஜான்னு ஒரு புது நண்பர். அவர் ஓரினச்சேர்க்கையாளர்னு தெரிஞ்சதும் ஹோமர் ஒதுங்கிடறார். கடைசியில மான் கூட்டத்துகிட்ட மாட்டின ஹோமரை ஜான் காப்பாத்தறார், அப்புறம்தான் ஹோமர் மனசு இளகுது. ரொம்ப நல்ல எபிசோட், சந்தேகமே இல்ல. ஆனா கணக்கைப் பாருங்க. உயிரைக் காப்பாத்தினாத்தான் உன்னை ஏத்துக்குவேன்! இந்த அநியாயத்தை அந்த எபிசோடே கிண்டல் பண்ணுதுங்கறது வேற விஷயம்.

பில் யாரையும் காப்பாத்தலை. அழுவார், ஒட்டிக்குவார், ஹேங்க்கோட மனைவி பெக்கி மேலேயே ஒரு கண்ணு வேற. ஹேங்க்குக்கு இது தெரியும். திட்டுவார், ஆனா சாயங்காலம் சந்துல பில்லுக்கு ஒரு இடம் இருக்கும். நம்ம சாஃப்ட்வேர் ஆளுங்களுக்கு எதைப் பார்த்தாலும் பக், ஃபிக்ஸ் பண்ணி டிக்கெட்டை க்ளோஸ் பண்ணணும். மனசு உடைஞ்சு நிக்கிறவன்கிட்டயும் நாலு அட்வைஸ் சொல்லிட்டு, 'க்ளோஸ்டு'ன்னு போட்டுட்டுப் போயிடறோம். பில்லோட டிக்கெட் 13 சீசனும் ஓப்பன்ல இருந்துச்சு.

அதுக்காகச் சும்மா பக்கத்துல நின்னாப் போதும்னு நான் சொல்லலை. 1998-ல் வந்த ஒரு கிறிஸ்துமஸ் எபிசோடில் பில் தற்கொலை வரைக்கும் போயிடறார். நண்பர்கள் முறை போட்டுக் காவல் இருக்காங்க. அப்புறம் பில், லெனோரோட டிரெஸ்ஸைப் போட்டுக்கிட்டு தன்னையே லெனோர்னு சொல்லிக்க ஆரம்பிக்கிறார். ஹேங்க் என்ன பண்றார் தெரியுமா? 'ஐ லவ் யூ'ங்கற வார்த்தைக்கே வேர்க்கிற அந்த மனுஷன், தானும் ஒரு கவுனை மாட்டிக்கிட்டு லெனோரா நின்னு, இனிமே திரும்பி வரவே மாட்டேன்னு பில் முகத்துக்கு நேரா சொல்றார். அந்த நேரத்துல மௌனம் ஆளையே கொன்னுடும்னு அவருக்குப் புரிஞ்சிருச்சு.

இதுக்கு நேர் எதிர் டேல் விவகாரம். அவர் மனைவி நான்சிக்கும் ஜான் ரெட்கார்னுக்கும் 14 வருஷத் தொடர்பு. மகன் ஜோசப் உண்மையில ரெட்கார்னோட பிள்ளை. எல்லாத்தையும் சந்தேகப்படுற டேலுக்கு இது மட்டும் தெரியாது. மூணு நண்பர்களுக்கும் தெரியும், வாயே திறக்கலை.

துரோகம்தானேன்னு கேப்பீங்க. டேல் பக்கம் நின்னு பார்த்தா, நான் அப்படி நினைக்கலை. ஜோசப்பை அவர் உயிரா நினைக்கிறார், நல்ல அப்பாவா இருக்கார். பில் விஷயத்துல பொய் அவரைத் தின்னுக்கிட்டு இருந்துச்சு. இங்க உண்மையைச் சொன்னா டேலுக்கு மிஞ்சறது அவமானம் மட்டும்தான். ஆனா ஒண்ணு, இந்த மௌனத்துக்கு விலை கொடுக்கிறது ஜோசப். தன் அப்பா யாருன்னு தெரிஞ்சுக்கிற உரிமை அந்தப் பையனுக்கு உண்டு. நண்பனுக்குக் காட்டின கருணையை அவன் கணக்குல எழுதறது எனக்கு உடன்பாடு இல்ல.

ஆக, ஏத்துக்கிறதுன்னா எப்பவும் பேசறதும் இல்ல, எப்பவும் சும்மா இருக்கறதும் இல்ல. எப்போ எதுங்கறது, தினம் பக்கத்துல நிக்கிறவனுக்குத்தான் தெரியும்.

2025-ல் ஹுலுவில் தொடர் மறுபடி வந்துச்சு. சவூதியில பல வருஷம் வேலை பார்த்துட்டு ஹேங்க் ஊருக்குத் திரும்பறார். பில்? கொரோனா சமயத்துல வீட்டுக்குள்ள போனவர், வெளியவே வரலை. சும்மா நின்னு பீர் குடிச்ச மாதிரித்தான் நமக்குத் தெரிஞ்சுது. பில்லைத் தாங்கிப் பிடிச்சதே அந்த நிக்கிறதுதான்.

டிஸ்கி: பீர் கட்டாயமில்லீங்க. டீக்கடையும் ஓகே.