இலவச பிளக்இன் கொடுக்கவும் 99 டாலரா?

லாஜிக் ப்ரோ, ஏபிள்டன் லைவ் போன்ற மென்பொருளில் பாட்டு மிக்ஸ் பண்றவங்களுக்கு பிளக்இன் புதுசு இல்லை. குரலுக்கு எதிரொலி சேர்க்க, டிரம்ஸுக்கு அழுத்தம் கொடுக்க என்று அதற்குள் சொருகிக்கொள்ளும் குட்டி மென்பொருள்தான் அது. நல்ல பிளக்இன்கள் பலவற்றை வேலை நேரம் போக தனி ஆட்களே எழுதி இலவசமாகத் தருகிறார்கள். மேக்கில் அப்படித் தருவதற்கே காசு கட்ட வேண்டும் என்பதுதான் பிரச்சினை.

கம்பைல் செய்வது வரை பெரிய தொல்லை இல்லை. 2020-ல் வரத் தொடங்கிய ஆப்பிள் சிலிக்கான் மேக், பழைய இன்டெல் மேக் ரெண்டிலும் ஓடுகிற மாதிரி 'யுனிவர்சல் பைனரி'யாக எடுக்கணும். லாஜிக்குக்கு ஆடியோ யூனிட் வடிவம், மற்ற பலவற்றுக்கு விஎஸ்டி3. ஜூஸ் என்ற ஃப்ரேம்வொர்க் (பெயரே அதுதான்!) இதில் பாதியைப் பார்த்துக்கொள்ளும்.

அடுத்த கட்டம்தான் சிக்கல். பிளக்இனில் டெவலப்பரின் டிஜிட்டல் கையெழுத்து போடணும். இன்ஸ்டாலருக்குத் தனிச் சான்றிதழ். பிறகு ஆப்பிளின் சர்வருக்கு அனுப்பினால், உள்ளே மால்வேர் இருக்கிறதா என்று இயந்திரமே சோதித்து ஒப்புதல் தரும். பெரும்பாலும் சில நிமிட வேலை. இதுக்குப் பேர் நோட்டரைசேஷன். 2019-ல் வந்த கேட்டலினாவிலிருந்து இது இல்லாமல் டவுன்லோடு செய்த பிளக்இனை மேக்கின் காவலாளியான கேட்கீப்பர் தடுத்துவிடும். சான்றிதழுக்கும் நோட்டரைசேஷனுக்கும் ஆண்டுக்கு 99 டாலர் சந்தா, அதாவது 8,000 ரூபாய்க்கு மேல். சந்தாவை நிறுத்தினால் ஏற்கெனவே வெளியிட்டது ஓடும். புது வெர்ஷனுக்கு ஒப்புதல் வாங்க முடியாது.

சோதனை வேண்டாம்னு சொல்லலை. உங்க கம்ப்யூட்டரில் ஓடப்போகிற அந்நியக் கோடை யாராவது பார்ப்பது நல்லதுதான். விண்டோஸும் கையெழுத்து இல்லாத ஃபைலுக்கு எச்சரிக்கை காட்டுகிறது. அங்கே சான்றிதழ் விலை பல சமயம் இதைவிட அதிகம். ஆனால் எச்சரிக்கையைத் தாண்டிப்போக அங்கே ரெண்டு கிளிக் போதும். மேக்கில் ரைட் கிளிக் செய்து திறக்கிற குறுக்குவழியையும் 2024-ல் வந்த செக்கோயாவில் எடுத்துட்டாங்க.

விளைவு? சந்தா கட்ட முடியாதவர்கள், "டெர்மினலைத் திறந்து இந்த வரியை ஒட்டுங்க" என்ற குறிப்போடு பிளக்இனைத் தருகிறார்கள். அந்த வரி, இணையத்திலிருந்து வந்த ஃபைல் என்ற அடையாளத்தை அழித்துவிடும், கேட்கீப்பரும் கண்டுகொள்ளாது. அர்த்தம் தெரியாமல் கட்டளையை ஒட்டிப் பழகினவர், நாளைக்கு வைரஸ் அனுப்புறவன் அதே வரியைக் கொடுத்தாலும் ஒட்டுவார். பாதுகாப்புக்காக வந்த ஏற்பாடு பாதுகாப்பைக் கழற்றக் கற்றுக்கொடுக்கிறது.

லாப நோக்கற்ற அமைப்புகள், கல்வி நிறுவனங்கள், அரசு அமைப்புகளுக்கு ஆப்பிள் சில நாடுகளில் இந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறது. தனி ஆளுக்குக் கிடையாது. மூலக் கோடை எல்லோரும் பார்க்கத் திறந்து வைத்து, ஒரு பைசா வாங்காமல் கொடுப்பவருக்கும் அதே தள்ளுபடியைத் தரலாம். அடையாளச் சான்றைச் சரிபார்த்துவிட்டு, சோதனையை அப்படியே வைத்துக்கொள்ளட்டும்.

அதுவரை, அப்படி ஒரு பிளக்இன் வேணும்னா எழுதியவரின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்க. கேட்கீப்பரையே மொத்தமாக அணைக்கச் சொன்னால், அந்த பிளக்இன் வேண்டவே வேண்டாம்.