மேக் ஆர் பை: ஒரு குக்கர் கேக்கின் கணக்கு

"மச்சி, முந்நூறு ரூபாய் குடுத்தா திண்டிவனத்துல அரை கிலோ கேக்கு, பேரே எழுதித் தர்றான். இதுக்குப் போயி ரெண்டு நாளை வேஸ்ட் பண்ணியிருக்கியே?"

கேட்டது என் கிளாஸ்மேட். சும்மா கேட்டிருந்தா விட்டிருப்பேன். 'மேக் ஆர் பை டிசிஷன்'னு பாடத்தை வேற இழுத்துட்டான். பி.காம். படிக்காதவங்களுக்காக: ஒரு பொருளை நாமே செய்யறதா, வெளியில வாங்கறதான்னு முடிவு பண்ற கணக்கு அது. செய்யற செலவு வாங்கற விலையைத் தாண்டினா, பேசாம வாங்கிடணும். அவ்ளோதான்.

முதல்ல நடந்ததைச் சொல்லிடறேன்.

எங்க ஊர் பிரம்மதேசம். திண்டிவனத்துலேர்ந்து மரக்காணம் போற வழி. அம்மாவுக்கு உப்பளத்துல வேலை. வெயில் ஏறுறதுக்குள்ள முடிக்கணும்னு விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிடுவாங்க. பொறந்த தேதி அவங்களுக்குத் தெரியாது. ஆதார்ல ஜூன் 1ன்னு போட்டிருக்கு. அந்த நாளுக்கு நானே ஒரு கேக் செஞ்சு தரணும்னு ஆசை. அதுவரைக்கும் அடுப்புல என்னோட அதிகபட்ச சாதனை டீ :-)

வீட்ல ஓவன் கிடையாது. அதனால குக்கர் கேக். கனமான பழைய குக்கர்ல கேஸ்கட்டையும் விசிலையும் கழட்டிடணும் (மறந்துடாதீங்க!). அடியில ஒரு அங்குலத்துக்கு உப்போ மணலோ. அதுமேல ஒரு ஸ்டாண்டு, அதுமேல மாவு ஊத்தின பாத்திரம். சின்னத் தீயில முக்கால் மணி நேரம். உப்பு 801 டிகிரி செல்சியஸ்லதான் உருகும். அதனால அது பாட்டுக்கு சூட்டை வாங்கி வச்சுக்கிட்டு நிதானமா எல்லாப் பக்கமும் குடுக்கும். எங்க ஊர்ல உப்புக்கா பஞ்சம்? அம்மா கொண்டுவந்த கல்லுப்பையே கொட்டினேன். கல்லுக்குள்ள மாட்டியிருக்கிற ஈரம் சூட்டுல பட் பட்னு வெடிக்க, பக்கத்து வீட்டு அக்கா ஓடியே வந்துட்டாங்க.

முதல் கேக் ஊத்திக்கிச்சு. பேக்கிங் பவுடருக்குப் பதிலா அதே அளவு ஆப்ப சோடாவைப் போட்டுட்டேன். சோடாவுக்குத் தயிர் மாதிரி ஏதாவது புளிப்பு வேணும். பவுடர்ல அது ஏற்கனவே சேர்ந்திருக்கும். இது தெரியாம செஞ்சதுல வாயில வச்சா சோப்பு. பத்தாவது நிமிஷமே மூடியைத் திறந்து பார்த்ததுல நடுவுல பள்ளம் வேற. மறுநாள் பேக்கிங் பவுடர் வாங்கிட்டு வந்து திரும்ப முயற்சி. ஒரு பக்கம் சாய்ஞ்சு, அடி கொஞ்சம் கருகி... ஆனா கேக்!

இதுலயெல்லாம் வெக்கப்பட ஒண்ணும் இல்லைங்க. இந்தியாவோட முதல் கிறிஸ்துமஸ் கேக்னு சொல்லப்படற கதையே இப்படித்தான். 1883ல தலச்சேரியில மாம்பள்ளி பாபுங்கறவர், பிஸ்கட் செஞ்சு பழக்கப்பட்டவர், பிரௌன் துரை காட்டின ஒரு கேக்கைப் பார்த்து, உள்ளூர்ல கிடைச்ச சரக்கை வச்சே செஞ்சு குடுத்தாராம்.

இப்போ நண்பனோட கணக்கு. ரெண்டு தடவைக்கும் மைதா, சர்க்கரை, முட்டை, எண்ணெய், பால் 120 ரூபாய். பேக்கிங் பவுடர், எசன்ஸ் 75. கேஸ் ஒரு 15. ஆக 210. "உன் அஞ்சு மணி நேரத்தைச் சேர்டா. கேட்டரிங் வேலைக்குப் போனா ஒரு நாளைக்கு 500. அப்போ உன் கேக் ஐந்நூறைத் தாண்டிடும். நஷ்டம்!"

கணக்கு சரிதான். ஒத்துக்கறேன். என் கேள்வி வேற.

என்னோட அஞ்சு மணி நேரத்துக்கு உடனே விலை போட்டியே, அம்மா தினமும் சமைக்கிற நேரத்துக்கு என்னைக்காவது விலை போட்டிருக்கியா? உங்க வீட்டு இட்லிக்கு மேக் ஆர் பை போட்டுப் பாத்திருக்கியா? மாவாட்டின கூலியைச் சேர்த்தா அந்த இட்லியும் நஷ்டம்தான். ஆனா அங்க மட்டும் கூலிங்கிற இடத்துல சைபர். பையன் ஒரு நாள் அடுப்படிக்குப் போனா 'டைம் வேஸ்ட்'. அம்மா இருபது வருஷமா அங்கேயே நின்னா அது 'பாசம்'. என்ன கொடுமை சார் இது?

நம்ம பாடப் புத்தகமும் அப்படித்தான். வீட்டு வேலைக்கு சம்பளம் இல்லை, அதனால தேசிய வருமானத்துல சேராது. சம்பளத்துக்கு வீட்டு வேலை செஞ்ச பெண்ணையே முதலாளி கல்யாணம் பண்ணிக்கிட்டா தேசிய வருமானம் குறைஞ்சுடும்னு பிகூ 1920லயே இந்தக் கோளாறைச் சுட்டிக்காட்டிட்டார். வேலை அதேதான், கூலி மட்டும் காணாம போயிடுது.

2019ல மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புல, வீட்டு வேலை செய்யற பெண்கள் அதுக்கு ஒரு நாளைக்குச் சராசரியா 299 நிமிஷம் செலவழிக்கறாங்க. ஆண்கள் 97. அதுவும் அந்த வேலையைத் தொடற ஆண்களே நூத்துக்கு 26 பேர்தான். பெண்கள் 81.

விலையே போட முடியாதுன்னும் சொல்லிட முடியாது. 2021 ஜனவரியில ஒரு சாலை விபத்து வழக்குல, இல்லத்தரசியோட வேலைக்கும் ஒரு வருமானத்தைக் கணக்கிட்டு நஷ்டஈடு தரணும்னு உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. அதாவது செத்த பிறகு விலை போட நமக்குத் தெரியுது. உயிரோட இருக்கும்போதுதான் சைபர்.

இவ்ளோ வீராவேசமா நண்பன்கிட்ட வாதாடிட்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா கேக்ல பாதியைத்தான் வீட்ல வச்சாங்க. மீதியை டிபன் பாக்ஸ்ல உப்பளத்துக்கு எடுத்துட்டுப் போயி கூட வேலை செய்யறவங்களுக்குக் குடுத்திருக்காங்க. "அடி கருகாம இருக்கணும்னா அடுத்த தடவ உப்பக் கொஞ்சம் கூடப் போடுப்பா"ன்னாங்க. உப்பைப் பத்தி அவங்ககிட்ட நான் பேச முடியுமா?

அப்புறம்தான் கவனிச்சேன். குக்கரும், கருகிப்போன பாத்திரமும் பளிச்சுனு கவுத்து வச்சிருந்துச்சு. காலையில இருட்டோட எழுந்து, வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி அம்மா தேய்ச்சிருக்காங்க. ரெண்டு நாளும். என் 210 ரூபாய் கணக்குல அது இல்லை. நண்பனோட 500லயும் இல்லை. சைபர் போட்டதுல நானும் ஒருத்தன்.

ஆகவே மக்களே, அம்மாவுக்கோ தங்கச்சிக்கோ காதலிக்கோ கேக் செய்யணும்னு தோணினா தாராளமா செய்யுங்க. சாயட்டும், கருகட்டும், பரவாயில்லை. ஆனா பாத்திரத்தையும் நீங்களே தேய்ங்க. அதுவரைக்கும் சேர்த்தாத்தான் அது நீங்க செஞ்ச கேக்.

டிஸ்கி: பேக்கரிக்காரங்க கோச்சுக்காதீங்க. உங்க கேக் என்னுடையதை விட நூறு மடங்கு நல்லா இருக்கும். அதோட, உங்க மாஸ்டர் கூலியையும் சேர்த்துத்தானே விலை போடறீங்க!